பழைய காடியில் இன்ஜெக்டர் ஒழுகுதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுங்கை சிப்புட்டில் கமுனிங், ஈவூட், எல்பில் என்று எந்தத் தோட்டத்துப் பக்கம் போனாலும் பழைய வீரா, வாஜா, கெனாரி இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. வீரா 1993-இல் வந்த வண்டி. இரும்பு நிற்கிறது, ரப்பர்தான் நிற்பதில்லை. பெட்ரோல் வாடை, பெட்ரோல் செலவு, சூட்டில் ஸ்டார்ட் ஆகாமை என்று பட்டறையில் கேட்கப்படும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். உதாரணத்துக்குப் பெரும்பாலும் இன்ஜெக்ஷன் வைத்த 1.5 வீராவை, அதாவது 4ஜி15 எஞ்சினை எடுத்துக்கொள்கிறேன். மற்ற பெட்ரோல் வண்டிகளுக்கும் முறை ஒன்றுதான், அளவுகள் மட்டும் கொஞ்சம் மாறும்.

அண்ணே, காலையில் காடி பக்கம் போனாலே பெட்ரோல் வாடை. இன்ஜெக்டர் போய்விட்டதா?

அவசரப்பட வேண்டாம். இன்ஜெக்டர் என்பது எஞ்சினுக்குப் பெட்ரோலை அளந்து பீய்ச்சும் சின்னக் குழல். இன்ஜெக்டர் ஒழுகுகிறது என்று வரும் வண்டிகளில் பாதிக்கு மேல் இன்ஜெக்டர் நன்றாகவே இருக்கும். ஒழுகுவது அதைச் சுற்றியுள்ள ரப்பர்.

கசிவில் இரண்டு வகை. ஒன்று வெளிக்கசிவு: இன்ஜெக்டரின் தலை, பெட்ரோல் வரும் ரெயில் குழாய்க்குள் நுழையும் இடத்தில் ஓ-ரிங் என்ற சின்ன ரப்பர் வளையம் இருக்கிறது. அது காய்ந்து கெட்டியானால் பெட்ரோல் வெளியே வரும். வாடை வருவது பெரும்பாலும் இதனால்தான். இன்னொன்று உள்கசிவு: இன்ஜெக்டரின் மூக்கு சரியாக மூடாமல், எஞ்சின் நின்ற பிறகும் உள்ளே சொட்டுவது. இதில் வெளியே வாடை அவ்வளவாக வராது, வேறு அறிகுறிகள் வரும்.

முதலில் ஸ்டார்ட் செய்யாமல், எஞ்சின் ஆறிய நிலையில் பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். பெட்ரோல் ஆவியாகிவிடும், ஆனால் அது ஓடிய இடத்தில் பழுப்பாக ஒரு கறை விட்டுப் போகும். ஒவ்வொரு இன்ஜெக்டரின் கழுத்தும் தூசி படிந்து சாம்பல் நிறத்தில் இருக்கும். அதில் ஒன்று மட்டும் கழுவி விட்டது போலச் சுத்தமாக, கீழே பழுப்புக் கோடு இறங்கியபடி இருந்தால் அதுதான் ஆள். அப்படியே ரெயிலுக்கு வரும் ரப்பர் குழாயையும் விரலால் லேசாக வளைத்துப் பாருங்கள். மேல்தோல் வெடித்திருந்தால் கதை அங்கேயே முடிந்தது.

தோட்டத்து வீடுகளில் இன்னொரு சந்தேக ஆளும் உண்டு: எலி. செம்பனைக்குப் பக்கத்தில் நிறுத்தும் வண்டியில் வயரையும் குழாயையும் கடித்து வைப்பது அடிக்கடி நடக்கிற காரியம். பல் தடம் பார்த்தாலே தெரியும்.

வாடை மட்டும்தானே, இப்படியே டவுனுக்கு ஓட்டிக்கொண்டு வரலாமா?

வெளிக்கசிவு என்றால் கூடாது. ரெயிலுக்குள் பெட்ரோல் ஏறத்தாழ மூன்று பார் அழுத்தத்தில் நிற்கிறது. ஓ-ரிங் முழுதாக விட்டுவிட்டால் சொட்டுவதோடு நிற்காது, பீய்ச்சும். பக்கத்திலேயே சூடான புகைக்குழாய் மேனிபோல்ட், பிளக் வயர், ஆல்டர்னேட்டர். பூஜ்ஜியத்துக்குக் கீழே நாற்பது டிகிரி உறைகுளிரில்கூட ஆவியாகித் தீப்பிடிக்கிற பொருள் பெட்ரோல். நம் ஊர் மத்தியான வெயிலில் சொல்ல வேண்டியதில்லை. இழுவை வண்டி கூப்பிடுங்கள், இல்லை போர்மனை, அதாவது பட்டறை மெக்கானிக்கை, வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

உள்கசிவு என்றால், எஞ்சின் எண்ணெய்க் கம்பியை இழுத்துப் பாருங்கள். மட்டம் ஏறாமல், பெட்ரோல் வாடை இல்லாமல் இருந்தால் மெதுவாகப் பட்டறைவரை கொண்டுவரலாம்.

எண்ணெய்க் கம்பிக்கும் இன்ஜெக்டருக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. இரவு முழுக்கச் சொட்டிய பெட்ரோல் சிலிண்டர் சுவரில் வழிந்து, பிஸ்டன் ரிங்கைத் தாண்டி, கீழே எஞ்சின் எண்ணெயில் போய்க் கலக்கிறது. எண்ணெய் குறைய வேண்டிய பழைய எஞ்சினில் மட்டம் கூடிக்கொண்டே போனால் சந்தோஷப்படாதீர்கள். கம்பியில் ஒட்டியதை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பாருங்கள்: வழவழப்பு இல்லாமல் தண்ணீர் மாதிரி நீர்த்து, மோந்தால் பெட்ரோல் அடிக்கும். அந்த எண்ணெய் பேரிங்கைக் காப்பாற்றாது. சிலிண்டர் சுவரில் இருந்த எண்ணெய்ப் படலத்தையும் பெட்ரோல் கழுவிவிடுவதால் ரிங் தேயும்.

இன்னும் மோசமான ஒன்று உண்டு, அபூர்வம்தான். ஒரு சிலிண்டருக்குள் நிறையவே பெட்ரோல் தேங்கிவிட்டால், ஸ்டார்ட் செய்யும்போது பிஸ்டன் மேலே வர இடம் இருக்காது. காற்றை அமுக்கலாம், திரவத்தை அமுக்க முடியாது. கனெக்டிங் ராட் வளைந்துவிடும். ஸ்டார்ட்டர் 'டக்' என்று ஒரு சத்தத்தோடு நின்றுவிட்டால் மறுபடி மறுபடி சாவியைத் திருப்பாதீர்கள். நான்கு பிளக்கையும் கழற்றிப் பாருங்கள்.

உள்ளே ஒழுகுகிறது என்று எப்படி உறுதியாகச் சொல்வது?

இங்கேதான் காசு வீணாவதும் மிச்சமாவதும். நான் பார்க்கும் வரிசையில் சொல்கிறேன்.

ஓட்டுகிறவர் சொல்லும் கதையே பாதி விடை. காலையில் குளிர்ந்த எஞ்சின் ஒரே திருப்பில் எடுக்கும். சந்தையில் நிறுத்தி, மீன் வாங்கிக்கொண்டு அரை மணி கழித்து வந்தால் எடுக்காது. ஆக்சிலேட்டரை அழுத்திக்கொண்டு நீளமாகச் சுற்றினால் முக்கி முனகி, கறுப்புப் புகை கக்கி எடுக்கும். இது சூட்டில் உள்ளே பெட்ரோல் சொட்டித் தேங்கியதன் அடையாளம்.

அடுத்து பிளக். நான்கையும் கழற்றி வரிசையாக வையுங்கள். மூன்று இளம்பழுப்பு, ஒன்று மட்டும் கரி பிடித்துக் கறுப்பு என்றால் அந்த சிலிண்டரின் இன்ஜெக்டர்மேல் சந்தேகம். நான்குமே கறுப்பு என்றால் இன்ஜெக்டரை விட்டுவிட்டு வேறிடம் தேடுங்கள்: ரெயிலின் அழுத்தத்தைச் சீராக வைக்கும் பிரஷர் ரெகுலேட்டர், ஆக்ஸிஜன் சென்சார், தண்ணீர்ச் சூடு சென்சார், அடைத்த ஏர் ஃபில்டர்.

பிரஷர் ரெகுலேட்டரைப் பார்க்கக் கருவியே வேண்டாம். ரெயிலின் ஓரத்தில் ஒரு சிறு டப்பா, அதிலிருந்து மெல்லிய வேக்குவம் குழாய் இன்டேக் மேனிபோல்டுக்குப் போகும். அந்தக் குழாயைப் பிடுங்கி மோந்து பாருங்கள். உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் ரெகுலேட்டரின் டயாஃப்ரம் என்ற உள்சவ்வு கிழிந்துவிட்டது. எஞ்சின் அந்தக் குழாய் வழியாகப் பெட்ரோலைக் குடித்துக்கொண்டிருக்கிறது. நான்கு இன்ஜெக்டரையும் மாற்றிய பிறகும் 'போகவில்லை அண்ணே' என்று திரும்பி வருகிற வண்டிகள் பெரும்பாலும் இந்த ரகம்.

அப்புறம்தான் பிரஷர் கேஜ். 4ஜி15-இல் வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்து வைத்தால் ஏறத்தாழ 330 கிலோபாஸ்கல், மாட்டிய நிலையில் ஐடிலில் (ஆக்சிலேட்டரை அழுத்தாமல் எஞ்சின் ஓடும்போது) 265 பக்கம் காட்ட வேண்டும். எஞ்சினை நிறுத்திவிட்டு முள்ளைப் பாருங்கள். அது மெதுவாக இறங்கலாம், விழக் கூடாது. விழுந்தால் எந்த வழியாக விழுகிறது என்று பார்க்க வேண்டும். திரும்பிப் போகும் ரிட்டர்ன் குழாயைக் கிளாம்ப் போட்டு மூடுங்கள். முள் நின்றுவிட்டால் குற்றவாளி ரெகுலேட்டர். நிற்கவில்லையா, டாங்கிலிருந்து வரும் குழாயையும் மூடுங்கள். இப்போது நின்றால், பம்புக்குள் இருக்கும் ஒருவழி வால்வு தேய்ந்துவிட்டது. இரண்டும் மூடிய பிறகும் விழுகிறது, வெளியேயும் ஈரம் இல்லை என்றால் மட்டுமே இன்ஜெக்டர் உள்ளே ஒழுகுகிறது என்று சொல்லலாம். கிளாம்ப் என்றால் ரப்பருக்கான வழுவழு கிளாம்ப். பழைய குழாயைக் குறட்டால் நெருக்கினால் அதுவே வெடித்துக் கசியும்.

கடைசிப் பரீட்சை, இன்ஜெக்டரோடு சேர்த்து ரெயிலைத் தூக்கி, கம்பியால் கட்டி, பம்பை ஓடவிட்டு மூக்கைப் பார்ப்பது. நிமிடத்துக்கு ஒரு சொட்டுக்கு மேல் விழக் கூடாது. இதைப் பட்டறையில், காற்றோட்டத்தில், தீயணைப்பான் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்பவர் செய்யட்டும். வீட்டில் வேண்டாம்.

போர்மன் நாலையும் மாற்று என்கிறார். அவர் ஏமாற்றுகிறாரா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. ஒரே வயது, ஒரே ஓட்டம். ஒன்று தேய்ந்தால் மற்றவை பின்னாலேயே வரும் என்பது நியாயமான பேச்சுதான். ஆனால் 'எப்படிப் பார்த்தீர்கள்?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பிளக்கைக் காட்டினார், கேஜ் போட்டார் என்றால் நம்பலாம். பானெட்டைத் திறந்து மோந்து பார்த்து மட்டும் சொன்னார் என்றால், முதலில் ஓ-ரிங்கை மாற்றச் சொல்லுங்கள்.

இடைவழியும் இருக்கிறது. நான்கையும் கழற்றி, அல்ட்ராசோனிக் தொட்டியில் கழுவி, டெஸ்ட் பெஞ்சில் போட்டுப் பார்ப்பது. ஈப்போவில் இந்த வேலைக்கென்றே கடைகள் உண்டு. கண்ணாடிக் குழாய்களில் நான்கும் எவ்வளவு பீய்ச்சுகின்றன, மூடிய பிறகு எது சொட்டுகிறது என்பது கண்முன்னே தெரியும். மூக்கில் கரி பிடித்து மூடாமல் இருந்த இன்ஜெக்டர் கழுவினால் திருந்தும். ஊசியும் அது உட்காரும் இடமும் தேய்ந்தது திருந்தாது. கழுவிய பிறகும் சொட்டினால் மாற்றத்தான் வேண்டும்.

கழற்றிய கையோடு மீட்டர் வைத்து ஓம் பாருங்கள். வீராவுக்கு 13-இலிருந்து 16 ஓம் வரை வர வேண்டும். ஆனால் இது உள்ளே இருக்கும் சுருள் நல்லதா என்று மட்டுமே சொல்லும், ஒழுகுவதைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

ஓ-ரிங்தானே, ஹார்ட்வேர் கடையில் தண்ணீர்க் குழாய்க்கு விற்கிறதே, அது போதாதா?

போதாது. அந்த ரப்பரைப் பெட்ரோலில் போட்டால் ஊறி உப்பும், பிறகு மெத்தென்று பிய்ந்து வரும். இன்ஜெக்டருக்கு வைட்டான் என்ற ரகம் வேண்டும். பழைய வளையத்தையே கையில் எடுத்துக்கொண்டு போய் ஸ்பேர்பார்ட்ஸ் கடையில் காட்டுங்கள். பழையது தட்டையாகி, விரலில் வளைத்தால் முறுக்கு மாதிரி உடையும், அதனால் வளையம் உட்கார்ந்திருந்த பள்ளத்தை அளக்க இன்ஜெக்டரையும் கொண்டு போவது நல்லது. விலை சில வெள்ளிதான். மேல் வளையத்தோடு கீழே மேனிபோல்டில் உட்காரும் ரப்பரையும் சேர்த்து மாற்றுங்கள். அது காய்ந்தால் பெட்ரோல் கசியாது, காற்று உள்ளே இழுக்கும், ஐடில் ஆடும்.

மாட்டும் விதத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். புது வளையத்தில் புது எஞ்சின் எண்ணெய் ஒரு துளி தடவ வேண்டும். ரெயிலுக்குள் எண்ணெய் போகக் கூடாது. இன்ஜெக்டரை நேராகப் பிடித்து, இடமும் வலமுமாகத் திருப்பிக்கொண்டே உள்ளே தள்ளுங்கள். வறட்டு வளையத்தை ஒரே அமுக்கில் தள்ளினால் ஓரம் சீவிக்கொண்டு மடங்கும். மாட்டியபின் இன்ஜெக்டர் விரலால் திருப்பினால் வழுக்கிக்கொண்டு திரும்ப வேண்டும். பிடித்துக்கொண்டால் உள்ளே வளையம் நசுங்கியிருக்கிறது, கழற்றிப் பாருங்கள்.

நானே வீட்டில் கழற்றலாமா? ஸ்பேனர் எல்லாம் இருக்கிறது.

ஓ-ரிங் வேலை மட்டும் என்றால், கைப்பழக்கம் உள்ளவர் செய்யலாம் தம்பி. ஆனால் வரிசை மாறக் கூடாது.

எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். அடுத்து ரெயிலின் அழுத்தத்தை இறக்க வேண்டும்: பெட்ரோல் பம்பின் ஃபியூஸையோ ரிலேயையோ பிடுங்கிவிட்டு, ஸ்டார்ட் செய்து, தானாக நிற்கும்வரை விட்டு, இன்னொரு தடவை சாவியைத் திருப்பிப் பாருங்கள். சொட்டுகிறது என்று ஏற்கெனவே கண்ணுக்குத் தெரிகிற வண்டியில் ஸ்டார்ட் செய்கிற வேலையே வேண்டாம். டாங்க் மூடியைத் திறந்து, இரவு முழுக்க விட்டு, மறுநாள் குழாயைத் துணி சுற்றி மெதுவாகத் தளர்த்துங்கள். பிறகு பேட்டரியின் மைனஸைக் கழற்றுங்கள்.

அழுத்தத்தை இறக்கினாலும் ரெயிலில் கொஞ்சம் பெட்ரோல் நிற்கும், துணி வைத்துப் பிடியுங்கள். ரெயிலைத் தூக்குவதற்கு முன் சுற்றியுள்ள செம்மண் தூசியைப் பிரஷால் தட்டிக் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். தோட்டத்து மண் ரோட்டில் ஓடும் வண்டியில் இது முக்கியம். ஒரு மணல் துகள் இன்ஜெக்டருக்குள் போனால் ஒழுகாததும் ஒழுக ஆரம்பிக்கும். கழற்றிய ஓட்டைகளில் சுத்தமான துணி அடைத்துவிடுங்கள்.

இடமும் முக்கியம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போகும். பத்தடி தள்ளி சாமி விளக்கு எரிந்தாலும், பின்கட்டில் கேஸ் அடுப்பு எரிந்தாலும் போதும். வீட்டோடு ஒட்டிய கொட்டகையில் செய்யாதீர்கள். வெட்டவெளியில், நிழலில் செய்யுங்கள். சிகரெட் பிடிக்கும் மாமாவைத் தூர உட்காரச் சொல்லுங்கள். பவுடர் தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ தண்ணீர்மேல் மிதந்து பரவும்.

டாங்கில் ஊற்றும் இன்ஜெக்டர் கிளீனர் பாட்டில் வேலை செய்யுமா?

உள்கசிவு கரியினால் வந்தது என்றால் சில சமயம் செய்யும். ஊசி தேய்ந்ததற்கும் ஓ-ரிங்குக்கும் ஒன்றும் செய்யாது. ஒரு பாட்டில் போட்டுப் பார்ப்பதில் தப்பில்லை, மாதாமாதம் ஊற்றிக்கொண்டிருப்பது கடைக்காரருக்குத்தான் லாபம்.

சிலிக்கான் பூசி அடைத்துவிடலாமா?

கூடாது. கேஸ்கட் சிலிக்கான் பெட்ரோலில் ஊறி உப்பி உரிந்து வரும், உரிந்த துண்டு இன்ஜெக்டருக்குள் போகும். எபோக்ஸி ஒட்டும் வேண்டாம்.

பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் பொட்டோங் கடையில் கழற்றிய இன்ஜெக்டர் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

வாங்கலாம், இரண்டு நிபந்தனையோடு. உடம்பில் அடித்திருக்கும் எண் உங்கள் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இன்ஜெக்டர்கள் பீய்ச்சும் அளவில் மாறும், 1.8 எஞ்சினுடையதை 1.5-இல் மாட்டினால் புதிய வியாதி ஆரம்பம். இரண்டாவது, டெஸ்ட் பெஞ்சில் போட்டுப் பார்த்துவிட்டு மாட்ட வேண்டும். அந்த வண்டி எத்தனை வருடம் வெயிலில் கிடந்ததோ யாருக்குத் தெரியும். உள்ளே நின்ற பெட்ரோல் பிசின் மாதிரி காய்ந்திருக்கும்.

ஆன்லைனில் பிராண்டு பெயர் அச்சடித்து, நான்கும் சேர்த்து ஒரு வேளைச் சாப்பாட்டு விலைக்கு வருவதை நான் தொடுவதில்லை.

புல்வெட்டும் மெஷினுக்குக் கலந்த பெட்ரோல் மிச்சம். காடியில் ஊற்றித் தீர்த்துவிடலாமா?

வேண்டாம். அதில் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான டூ-டி எண்ணெய் கலந்திருக்கிறது. எரியாமல் மிஞ்சுவது மூக்கிலும் பிளக்கிலும் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரிலும் படியும். மெஷினுக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

மாதா மாதம் பெட்ரோல் அதிகம் போகிறது. அது ஒழுகுவதாலா?

இருக்கலாம். 2025 செப்டம்பர் கடைசியில் அரசாங்கத்தின் பெட்ரோல் மானியத் திட்டமான புடி95 தொடங்கியபோது ஒரு மைகாட் அடையாள அட்டைக்கு மாதம் 300 லிட்டர், லிட்டருக்கு 1.99 வெள்ளி என்று வந்தது. அதிலிருந்து எவ்வளவு ஊற்றினோம் என்ற கணக்கு எல்லாருக்கும் தெரிகிறது. அதனால் இந்தக் கேள்வியும் கூடிவிட்டது. ஆனால் செலவு கூடுவதற்கு டயர் காற்று, பிடித்துக்கொண்ட பிரேக், செத்த ஆக்ஸிஜன் சென்சார் என்று சாதாரணக் காரணங்கள்தான் அதிகம். சூட்டில் ஸ்டார்ட் ஆகாமையும் கறுப்புப் புகையும் சேர்ந்து வந்தால் மட்டும் இன்ஜெக்டர் பக்கம் பாருங்கள்.

எங்கள் வீட்டில் பழைய கான்சில். அதுவும் வாடை அடிக்கிறதே?

கார்புரேட்டர் வைத்த கான்சில் என்றால் அதில் இன்ஜெக்டரே கிடையாது. கார்புரேட்டரின் மிதவை ஊசி தேய்ந்து பெட்ரோல் நிரம்பி வழிகிறதா என்று பாருங்கள். ஆரம்பகால வீரா சிலவற்றிலும் கார்புரேட்டர்தான்.

அப்பாவின் ஹைலக்ஸ் டீசல். அதில் இன்ஜெக்டர் பக்கம் ஈரமாகவே இருக்கிறது.

பழைய மெக்கானிக்கல் பம்ப் டீசலில் முதலில் பார்க்க வேண்டியது, இன்ஜெக்டர் தலைகளை இணைத்துப் போகும் ரிட்டர்ன் குழாய். ரப்பர் குழாய் ரகம் என்றால் நூல் பின்னிய அந்தச் சின்னக் குழாய் கையில் எடுத்தாலே பிய்ந்து வரும். மீட்டர் கணக்கில் வாங்கி வெட்டிப் போட்டால் வேலை முடிந்தது. ஈரம் இன்ஜெக்டரின் அடியில், கறுப்பாகத் தார் மாதிரி கட்டியிருந்து, எஞ்சின் ஓடும்போது 'சுக் சுக்' என்று காற்று வரும் சத்தமும் கேட்டால், அடியில் இருக்கும் செப்பு வாஷர் விட்டுவிட்டது. இன்ஜெக்டரைக் கழற்றும்போதெல்லாம் அந்த வாஷரைப் புதிதாகப் போட வேண்டும்.

மூக்கு சொட்டுகிற டீசல் இன்ஜெக்டர், குளிர்ந்த எஞ்சினில் 'டக டக' என்று ஆணி அடிக்கிற சத்தம் தரும், புகையும் வரும். இதற்கு டீசல் பம்ப் கடையில் பாப் டெஸ்டர் இருக்கிறது. நூறு பாருக்கு மேல் அமுக்கி, பனிமாதிரி பீய்ச்சுகிறதா, ஒழுகுகிறதா என்று பார்த்து, மூக்கை மட்டும் மாற்றித் தருவார்கள்.

ஒன்று மட்டும் தலையில் ஏற்றிக்கொள்ளுங்கள். டீசல் பீய்ச்சும் இடத்தில் கையை வைத்துக் கசிவு தேடாதீர்கள், அட்டையை வைத்துத் தேடுங்கள். அந்த அழுத்தம் தோலைத் துளைத்து டீசலை உள்ளே செலுத்திவிடும். வெளியே ஊசி குத்தியது போல ஒரு புள்ளிதான் தெரியும், வலிகூட உடனே வராது. உள்ளே சதை அழுக ஆரம்பித்துவிடும். அப்படி ஆனால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் நேராக ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போய், டீசல் உள்ளே போனது என்று சொல்லிக் காட்டுங்கள். காமன்ரெயில் வைத்த புது ஹைலக்ஸில் அழுத்தம் ஆயிரம் பாரைத் தாண்டும். ஓடும் எஞ்சினில் நட்டைத் தளர்த்திப் பார்க்கும் பழைய பழக்கம் அதில் உயிருக்கே ஆபத்து.

எல்லாம் மாட்டியாயிற்று. அப்புறம்?

ஸ்டார்ட் செய்வதற்கு முன் பேட்டரியை மாட்டி, சாவியை ஆனில் வைத்தும், ஸ்டார்ட்டரை ஓரிரு தடவை சுற்றியும் ரெயிலில் அழுத்தம் ஏறவிட்டு, ஒவ்வொரு கழுத்தையும் உலர்ந்த டிஷ்யூ காகிதத்தால் சுற்றித் தொட்டுப் பாருங்கள். ஈரம் இல்லை என்றால் ஓடவிட்டு மறுபடி பாருங்கள். உள்கசிவு இருந்த வண்டி என்றால் எஞ்சின் எண்ணெயையும் ஃபில்டரையும் கட்டாயம் மாற்றுங்கள், போன மாதம்தான் மாற்றினோம் என்று கணக்குப் பார்க்காதீர்கள். கரி பிடித்த பிளக்கும் மாறட்டும். ஒரு வாரம் கழித்து எண்ணெய் மட்டத்தை மறுபடி பாருங்கள். ஏறியிருந்தால் வேலை முடியவில்லை.

வடித்த பெட்ரோலைத் தோட்டத்து வாய்க்காலில் ஊற்ற வேண்டாம், யாராவது குப்பை கொளுத்தினால் வாய்க்காலோடு தீ ஓடும். மூடி இறுகும் பெட்ரோல் டின்னில் ஊற்றி, பட்டறையில் கழிவெண்ணெய் எடுப்பவர் வரும் நாளில் கொடுத்துவிடுங்கள்.